கோபுர மணி மறுபடி அடிக்கணுமா? ஒரே மாடிப்படியில் நாலு நியாயம்

இன்னைக்கு எபிசோடுக்குக் கொஞ்சம் கணக்கு வேணும். பயப்படாதீங்க, கூட்டல் மட்டும்தான்.

லண்டன் பிக் பென் அடிக்கிற மெட்டு உங்களுக்குத் தெரியும். தாத்தா வீட்டுச் சுவர்க் கடிகாரத்துல கூட அதைக் கேட்டிருப்பீங்க. வெஸ்ட்மின்ஸ்டர் குவார்ட்டர்ஸ்னு பேரு. கால் மணிக்கு 4 அடி, அரை மணிக்கு 8, முக்காலுக்கு 12, முழு மணிக்கு 16. ஆக ஒரு மணி நேரத்துக்கு 40 அடி. அதுக்கு மேல, மணி எத்தனையோ அத்தனை அடி தனியா. ராத்திரி 10 மணிக்கு ஆரம்பிச்சு காலை 6:45 வரைக்கும் கூட்டிப் பாருங்க: மெட்டு மட்டும் 360, மணி அடிகள் 54. மொத்தம் 414.

ஒரு கோபுரம், ஒரு ராத்திரி, 414 அடி. இதை ஒருத்தர் எங்க ஊர் அடையாளம்னு சொல்றார். அவர் பக்கத்து வீட்டுக்காரர் இதாலதான் என் தூக்கம் போகுதுன்னு சொல்றார். ரெண்டு பேருமே பொய் சொல்லலை. அதுதான் இன்னைக்கு விஷயம்.

போன வருஷங்கள்ல ஒரு புராஜெக்டுக்காக ஒன்பது மாசம் சுவிட்சர்லாந்துல இருந்தேன்னு பழைய எபிசோடுகள்ல சொல்லியிருக்கேன். சூரிக் ஏரிக்கரையில ஒரு சின்ன ஊர். ஊர்ப் பேர் வேண்டாம், அங்கே இருக்கிறவங்க இன்னும் அதே மாடிப்படியில தினமும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கணும். எங்க அபார்ட்மென்ட்டிலிருந்து தேவாலயக் கோபுரம் அறுபது மீட்டர் இருக்கும். நான் போனப்போ கோபுரத்தைச் சுத்திச் சாரம் கட்டியிருந்தாங்க. மணிகளைத் தாங்குற மரச் சட்டம் பழுதுன்னு வேலை நடந்துக்கிட்டிருந்தது. அதனால மணி ஒரு வருஷத்துக்கும் மேல அடிக்கலை. கடிகார முள் மட்டும் ஓடும்.

அங்கே இது லேசான விஷயம் இல்லைங்கறதுக்கு ஒரு காரணம் இருக்கு. அதே ஏரியோட தென்மேற்குக் கரையில வேடன்ஸ்வில்னு ஒரு ஊர். அங்கே 1767-ல் கட்டி முடிச்ச ஒரு சீர்திருத்த சபைத் தேவாலயம். அதுக்குப் பக்கத்துல குடியிருந்த ஒரு தம்பதி, ராத்திரி 10-லிருந்து காலை 7 வரைக்கும் கால் மணிக்கு ஒரு தடவை அடிக்கிறதை நிறுத்தணும்னு கேட்டாங்க. ஊராட்சியும் தேவாலயமும் முடியாதுன்னாங்க. சூரிக் கன்டோனோட நிர்வாக நீதிமன்றம் நடுவழி ஒண்ணு சொன்னது: முழு மணி அடிக்கட்டும், கால் மணி அடிகள் ராத்திரியில வேண்டாம். ஊரும் தேவாலயமும் அதை ஏத்துக்காம லோசான்ல இருக்கிற கூட்டாட்சி உச்ச நீதிமன்றத்துக்குப் போனாங்க. 2017 டிசம்பர்ல ஐந்து நீதிபதிகள்ல மூணு பேர் மணி பக்கம், ரெண்டு பேர் தூக்கத்தின் பக்கம். மணி ஜெயிச்சது. சூரிக்கின் ஈடிஹெச் பல்கலைக்கழகம் 2011-ல் மணிச் சத்தமும் தூக்கமும் பத்தி ஒரு ஆய்வு வெளியிட்டிருந்தது, கீழ்க் கோர்ட்ல அதுக்கு மதிப்பும் இருந்தது. ஆனா இத்தனை நாள் வழக்கத்தை மாத்த அந்த ஒரு ஆய்வு போதாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

இதுல எனக்குப் பிடிச்ச ஒரு நுணுக்கம்: அந்த நாட்டுச் சட்டம் பூசைக்கு அடிக்கிற மணியையும் நேரம் சொல்ற மணியையும் தனித்தனியாத்தான் பார்க்குது. ராத்திரி ரெண்டே காலுக்கு அடிக்கிறது மத விஷயமே இல்லை. கையில போன் இல்லாத காலத்துல போட்ட ஒரு பொதுச் சேவை. இப்போ யாரும் அதைக் கூப்பிடுறதில்லை, ஆனா நிறுத்தினா என்ன உடையும்னு யாருக்கும் தெரியாது. ஆஃபிஸ்ல லெகசி கோடு பார்த்தவங்களுக்கு இந்த நிலைமை புரியும்.

சரி, எங்க கட்டடத்துக்கு வருவோம். சாரம் பிரிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும், மணி மறுபடி தொடங்குறதைப் பத்தி, முக்கியமா ராத்திரி பத்தி, கருத்து சொல்லலாம்னு ஒரு நோட்டீஸ் வந்தது. அதைச் சலவை அறைக் கதவுல ஒட்டியிருந்தாங்க. சுவிட்சர்லாந்து அபார்ட்மென்ட்ல சலவை அறைங்கறது பொதுவானது, யாருக்கு எந்தக் கிழமைன்னு அட்டவணை உண்டு. சண்டையும் அங்கேதான், சமாதானமும் அங்கேதான். நம்ம தெருக் குழாயடி மாதிரின்னு வச்சுக்கோங்க, என்ன, இங்கே யாரும் கத்த மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை காலி பாட்டிலைக் குப்பைத் தொட்டியில போடக் கூடாத ஊர் அது, சத்தம் வருமாம். அந்த ஊர்லதான் ராத்திரி ரெண்டு மணிக்கு வெண்கலத்தை சுத்தியலால அடிக்கலாமாங்கறது விவாதம். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கிட்டேன்.

மேல்மாடியில ஒரு இளம் தம்பதி, ஏழு மாசக் குழந்தை. அவங்க ஜன்னல் கோபுரத்தைப் பார்த்தது. மணி நின்ன பிறகு குடிவந்தவங்க. அவங்க வாதம் நேரடியானது: பகல்ல எவ்வளவு வேணும்னாலும் அடிங்க, ராத்திரி வேண்டாம். அந்த அப்பா சொன்ன ஒரு வார்த்தை மனசுல நின்னது. "நாங்க மணிக்குப் பக்கத்துல குடிவரலை. அமைதிக்குப் பக்கத்துல குடிவந்தோம். நீங்கதான் இப்போ புதுசா மணியைக் கொண்டு வர்றீங்க."

இது நல்ல கேள்வி. ஒரு வருஷம் நின்ன மணியைத் திரும்ப அடிச்சா அது பழைய சத்தமா, புதுச் சத்தமா? கோபுரத்தோட கணக்குல அது இருநூறு, முந்நூறு வருஷப் பழசு. அந்தக் குழந்தையோட கணக்குல அது நாளைக்குத்தான் பிறக்கப் போகுது. "தெரிஞ்சுதானே குடிவந்தே, அப்புறம் என்ன புகார்?"ங்கற வாதத்தை இங்கிலாந்துச் சட்டம் ரொம்ப நாளாவே ஏத்துக்கிறதில்லை. அங்கே 1851-லயே சோல்டாவ் எதிர் டி ஹெல்ட்னு ஒரு வழக்கு. லண்டன் கிளாப்பம்ல ஒருத்தர் வீட்டை ஒட்டியிருந்த வீட்டை ஒரு துறவியர் சபை எடுத்து, விடியக் காலையிலிருந்து மணி அடிக்க ஆரம்பிச்சது. கோர்ட் மணிக்குத் தடை போட்டது. அதுல மணிதான் புதுசு, ஆள் பழசு. எங்க கட்டடத்துல ரெண்டும் கலந்து கிடந்தது.

ரெண்டாவது மாடியில எண்பது தாண்டின ஒரு அம்மா. நாற்பது வருஷமா அதே வீடு. கணவர் இறந்து சில வருஷம். ராத்திரி மணியை நிறுத்திட்டா பிரச்சனை தீர்ந்ததுன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தப்போ, அந்த நினைப்பைக் கலைச்சது இவங்கதான். அவங்க சொன்னது இதுதான்: பகல்ல எனக்கு மணி எதுக்கு? டிவி இருக்கு, கடைக்குப் போறேன், ஆட்களைப் பார்க்கிறேன். ராத்திரி முழிப்பு வந்தா எதுவும் இல்லை. கண்ணாடி தேடி, விளக்குப் போட்டு, மணி பார்த்தா அப்புறம் தூக்கமே வராது. இருட்டுல படுத்தபடியே மூணு அடிச்சா மூணு, இன்னும் ரெண்டு மணி நேரம் படுக்கலாம்னு தெரியும். மணி நின்ன இந்த வருஷத்துல மூணும் நாலும் ஒண்ணாப் போச்சு.

அவங்களுக்கு மணி தேவைப்பட்டதே ராத்திரியிலதான்.

மூணாவது ஆள் எங்க கட்டடம் இல்லை. மேட்டுல சொந்த வீடு, கோபுரத்துலிருந்து ஒரு கிலோமீட்டர் இருக்கும். மணிக்கு ஆதரவா கையெழுத்து வாங்கிக்கிட்டு வந்தார். அன்பான மனுஷன், எனக்கு ஆப்பிள் ஜூஸ் பாட்டில் ஒண்ணு கொடுத்தார். சாயங்காலம் ஏரி மேல அந்த ஒலி மிதந்து வர்றதைப் பத்திச் சொன்னார், கேட்க நல்லாத்தான் இருந்தது. ஆனா எனக்குள்ள இருக்கிற இன்ஜினியர் சும்மா இருக்க மாட்டான். திறந்த வெளியில தூரம் ரெண்டு மடங்கு ஆனா சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். 60 மீட்டர், 120, 240, 480, 960. நாலு தடவை ரெண்டு மடங்கு. அதாவது எங்க ஜன்னலுக்கு வர்றதைவிட அவர் ஜன்னலுக்கு 24 டெசிபல் குறைவு. எங்களுக்கு அது சுத்தியல், அவருக்கு அது சங்கீதம். அந்தக் கையெழுத்துத் தாள்ல பேருக்குப் பக்கத்துல விலாசம் இருந்தது, தூரம் இல்லை. என்னைக் கேட்டா தூரத்துக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கணும். தூரத்துல இருக்கிறவங்க பேசக் கூடாதுன்னு சொல்லலை, கோபுரம் அவங்களுக்கும் சொந்தம்தான். ஆனா ஐந்நூறு கையெழுத்தையும் ஒரே எடையில போட்டா, அறுபது மீட்டர்ல இருக்கிற பத்து வீடு எப்பவும் தோத்துக்கிட்டேதான் இருக்கும்.

இதே மாதிரி இன்னொரு ஏமாத்துக் கணக்கு சராசரி. சத்தத்தோட அளவைப் பெரும்பாலும் மணிக்கணக்குல சராசரி எடுத்துத்தான் பேசுவாங்க. ராத்திரிக்கு வெளியில 40 டெசிபல்னு உலக சுகாதார நிறுவனம் 2009-ல் ஐரோப்பாவுக்குச் சொன்ன அளவுகூட சராசரிதான். நெடுஞ்சாலைக்கு அது பொருந்தும். மணி அப்படி இல்லை. பதினாலு நிமிஷம் மயான அமைதி, அப்புறம் திடீர்னு நாலு அடி. சராசரி அழகா இருக்கும், ஆனா எழுப்புறது உச்சம்தான். சர்வர் சராசரியா வேகமா இருக்குன்னு மேனேஜர் ஸ்லைடு காட்டுவார், நூத்துல ஒரு கஸ்டமர் முப்பது செகண்ட் காத்திருப்பார், அந்தக் கதைதான். "பழகிடும்"னு சொல்றதும் பாதி உண்மை. காலையில ஞாபகம் இருக்காது, சரி. ஆனா தூக்க ஆய்வுகள்ல கருவி மாட்டிப் பார்த்தா, நமக்கு நினைவே இல்லாத சின்னச் சின்ன முழிப்புகளும் பதிவாகுது.

இப்போ நாலாவது ஆள். தரைத்தளத்துல ஒரு அக்கா. யாழ்ப்பாணம் பக்கம், எண்பதுகளோட கடைசியில வந்த குடும்பம். முதியோர் இல்லத்துல ராத்திரி வேலை. காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் போன பிறகு ஒன்பதுக்குப் படுத்து மூணுக்கு எழும்புவாங்க. நோட்டீஸைப் பத்தி நான் கேட்டப்போ, ராத்திரி நிறுத்தினாலும் நிறுத்தாட்டியும் தனக்கு ஒண்டும் இல்லைன்னாங்க. "எனக்குப் பகல்தானே தம்பி இரவு."

பாருங்க, அந்த நோட்டீஸ்ல இருந்த மூணு தேர்வுமே ராத்திரியைப் பத்தினதுதான். 10-லிருந்து 6, 10-லிருந்து 7, எப்பவும்போல. ராத்திரின்னா எதுன்னு ஆஃபிஸ் போறவங்க ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாங்க. அந்த ஊர்ப் பெரியவங்களை ராத்திரி முழுக்கப் புரட்டிப் படுக்க வைக்கிற அக்காவோட தூக்கம் எந்தக் கட்டத்துலயும் இல்லை.

எழுதுங்க அக்கா, நான் டைப் பண்ணித் தர்றேன்னேன். சிரிச்சாங்க. "சும்மா இரு தம்பி. நாங்கள் உதுகளைப் பற்றிக் கதைக்கிறேல்லை. சின்னவளுக்கு இன்னும் குடியுரிமை எடுக்கேல்லை."

பயம் அதிகம்னு நினைக்காதீங்க. அந்த நாட்டுல பல ஊர்கள்ல குடியுரிமைக்கு ஊர்க்காரங்களோட சம்மதமும் வேணும். ஆர்காவ் கன்டோன்ல, மாட்டுக் கழுத்து மணிகளுக்கு எதிரா வெளிப்படையாப் பேசிவந்த ஒரு பெண்ணுக்கு அவங்க ஊர் மக்கள் ரெண்டு தடவை வேண்டாம்னு வாக்களிச்சு, கடைசியில கன்டோன் அரசு தலையிட்டு 2017-ல்தான் கிடைச்சது. அவங்க சின்ன வயசிலிருந்தே அங்கே வளர்ந்தவங்க. இந்தக் கதை அக்காவுக்குத் தெரியும், எங்க மாடிப்படியில எல்லாருக்கும் தெரியும். சுவிஸ் அரசியலமைப்போட 33-வது பிரிவுப்படி மனு கொடுக்கிற உரிமை குடியுரிமை இல்லாதவங்களுக்கும் உண்டுன்னு நான் தேடிப் பிடிச்சுச் சொன்னேன். "ஓம், இருக்கும்"னாங்க. அவ்வளவுதான்.

இன்னொண்ணும் சொன்னாங்க. சூரிக் பக்கத்துல அட்லிஸ்வில்ல ஒரு முருகன் கோயில் இருக்கு, தொழிற்பேட்டைப் பகுதியில. வெள்ளிக்கிழமை போவாங்களாம். "எங்கட மணி கதவுக்குள்ள தான் அடிக்கும்"னாங்க. குறையா சொல்லலை. துணியை மடிச்சுக்கிட்டே சொன்னாங்க.

இதுக்கு நடுவுல மெஷின் பத்தி ஒரு நிமிஷம், ஏன்னா இது அழகான விஷயம். பழைய கோபுரக் கடிகாரங்கள்ல பெரும்பாலும் எண்ணுறதுக்கு ஒரு சக்கரம் இருக்கும். அதோட விளிம்புல வெட்டுகள், ஒரு அடிக்கு ஒரு இடைவெளி, ரெண்டு அடிக்குப் பெரிய இடைவெளி, அப்படியே பன்னிரண்டு வரைக்கும். இந்தச் சக்கரம் முள்ளைப் பார்க்காது. போன தடவை ஒன்பது அடிச்சேன், இப்போ பத்துங்கற வரிசை மட்டும்தான் அதுக்குத் தெரியும். அதனால ராத்திரி அதை நிறுத்தி வச்சுட்டுக் காலை ஏழு மணிக்குத் திரும்ப ஓட விட்டா, அது பாட்டுக்குப் பத்து அடிக்கும், அதுக்கப்புறம் நாள் முழுக்கத் தப்பு. என்ன பண்றாங்கன்னா, மெஷினை ஓட விட்டுட்டு, சுத்தியலை மட்டும் மணியில படாம இழுத்துப் பிடிச்சு வைக்கிறாங்க. ராத்திரி பூரா அது சத்தமில்லாம எண்ணிக்கிட்டே இருக்கும். பாஸ் இல்லை, மியூட். ஆகவே "ராத்திரி மட்டும் நிறுத்தினா பாரம்பரிய இயந்திரம் கெட்டுப் போகும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கோபுர ஜன்னல்ல இருக்கிற சாய்வுப் பலகைகளை ஒரு பக்கம் அடைச்சு, அந்தத் திசைக்கு மட்டும் சத்தத்தைக் குறைக்கவும் முடியும்.

பாரம்பரியம்னா அப்படியே இருக்கிறதுன்னும் இல்லை. பிக் பென் 1859-ல் அடிக்க ஆரம்பிச்ச ரெண்டே மாசத்துல விரிசல் விட்டுச்சு. நாலு வருஷம் சும்மா இருந்தது, பக்கத்துல இருந்த கால் மணிக்கான பெரிய மணி அதோட வேலையையும் சேர்த்துப் பார்த்தது. அப்புறம் மணியைக் கொஞ்சம் திருப்பி, சுத்தியலை இலேசாக்கித்தான் திரும்பத் தொடங்கினாங்க. இன்னைக்கு உலகமே கேட்கிற அந்த ஒலி விரிசலோட ஒலி. 2017 ஆகஸ்ட்ல மராமத்துக்காக நிறுத்தினப்போ, உள்ளே வேலை செய்றவங்க காது முக்கியமா, மணி முக்கியமான்னு பிரதமர் வரைக்கும் பேச்சு போச்சு. 2022 நவம்பர்லதான் வழக்கப்படி திரும்ப அடிச்சது.

எங்க ஊர் முடிவு என்னன்னு கேட்பீங்க. ராத்திரி 10-லிருந்து 6 வரைக்கும் கால் மணி அடிகள் கிடையாது, முழு மணி மட்டும். வேடன்ஸ்வில்ல கீழ்க் கோர்ட் சொன்ன நடுவழிக்குப் பக்கத்துல வந்து நின்னுட்டாங்க, கோர்ட்டுக்கே போகாம. ரெண்டாவது மாடி அம்மாவுக்குத் திருப்தி. மூணு எது நாலு எதுன்னு தெரிஞ்சா போதும்னாங்க. குழந்தை வீட்டுக்காரங்களுக்கு அரைத் திருப்தி, நள்ளிரவுப் பன்னிரண்டு அடி அவங்களுக்குப் பெரிய எதிரி. மேட்டு வீட்டுக்காரருக்கு வித்தியாசமே தெரிஞ்சிருக்காது. நான் அந்த மணியை மூணு வாரம் கேட்டேன், முதல் நாலு நாள் எழுந்தேன், அப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியலை. என் கருவி மாட்டாத கருத்து அது.

என்னைக் கேட்டிருந்தா ரெண்டு விஷயம் மாத்தியிருப்பேன். பகல்லயும் கால் மணி அடிகளை விட்டுட்டு முழு மணி மட்டும் வச்சிருப்பேன். ரெண்டே காலைத் தெரிஞ்சுக்க இப்போ யாருக்கும் கோபுரம் வேண்டாம், பகல் மூணுக்கும் வேண்டாம், ஆனா ஒரு ஊருக்கு மணிக்கு ஒரு தடவை ஒரு குரல் இருக்கட்டும். ரெண்டாவது, கருத்துக் கேட்கும்போது "ராத்திரி வேணுமா"ன்னு கேட்காம "நீங்க எப்போ தூங்குவீங்க"ன்னு கேட்டிருப்பேன். அந்த ஒரு கேள்விக்கு அக்கா பதில் எழுதியிருப்பாங்கன்னு நினைக்கிறேன், அதுல புகார் ஒண்ணும் இல்லையே. நிச்சயமா சொல்ல முடியாது. நான் ஊருக்குத் திரும்பின பிறகு வாட்ஸ்ஆப்ல ஒரு வாய்ஸ் நோட் வந்தது. கட்டிலைச் சமையலறைப் பக்க அறைக்கு மாத்திட்டாங்களாம், அது கொஞ்சம் சின்ன அறை, ஆனா பரவாயில்லையாம்.

நம்ம ஊர்ல ரிப்பன் மாளிகைக் கடிகாரமும் இதே வெஸ்ட்மின்ஸ்டர் மெட்டுதான், 1913-ல் இங்கிலாந்து கில்லெட் அண்ட் ஜான்ஸ்டன் வார்த்த நாலு மணிகள். ஒரு பக்கம் சென்ட்ரல், முன்னாடி பூந்தமல்லி நெடுஞ்சாலை. பஸ் ஹாரனைத் தாண்டி அது ஒருத்தர் காதுல விழுந்தாலே பெரிய விஷயம், அதனால நமக்கு இந்தச் சண்டை வரலை. ஆனா உங்க தெருவுல வேற ஏதாவது மணியோ ஸ்பீக்கரோ இருக்கும். அதைப் பத்தி வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடுறேன். ரெண்டு விஷயம் மறக்காம சொல்லுங்க: அது உங்க ஜன்னல்லிருந்து எத்தனை மீட்டர், நீங்க எத்தனை மணிக்குப் படுப்பீங்க. பேர் சொல்ல வேண்டாம்னா சொல்ல வேண்டாம்.